போன வருஷம் எழுதிய 11 இலக்கில் நடந்தது 2. இந்த வருஷம் எப்படி எழுதுவது?

பேரேடு (கோவை)
டிசம்பர் 26, 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 9 வருஷமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் கணவர், நான்காவது படிக்கும் மகள், மாமியார். போன ஜனவரி 1 அன்று புது டைரியின் முதல் பக்கத்தில் 11 இலக்கு எழுதினேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நடந்தது இரண்டுதான்: மகளை நீச்சலில் சேர்த்தது, மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடித்தது. இரண்டுமே எனக்காக எழுதியவை இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எனக்காக எழுதியவை இவை. தினமும் 5 மணிக்கு எழுந்து ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடப்பது, சிஎம்ஏ இன்டர் (செலவுக் கணக்காளர் படிப்பின் நடு நிலை) முடிப்பது, மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடுவது), நகைக்கடனை அடைப்பது, இங்கிலீஷில் தயங்காமல் பேசுவது, மாதம் ஒரு புத்தகம், இன்னும் சில. நடை பிப்ரவரி 9 வரை போனது, அப்புறம் நின்றுவிட்டது. சிஎம்ஏ புத்தகத்தில் முதல் அத்தியாயம் மட்டும் கோடு போட்டிருக்கிறது.

இதை இப்போது இங்கே கேட்கக் காரணம் இருக்கிறது. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 வந்தது. 6.5 தொட்டால் சர்க்கரை நோய் என்பார்கள், நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறேன், அப்பாவுக்கு 40 வயதிலேயே வந்துவிட்டது, அதனால் பயமாகத்தான் இருக்கிறது. வேலையில் எனக்கு மேலே இருப்பவர் 2027-இல் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் படிப்புத் தகுதி கேட்பார்கள் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். ஆகவே போன வருஷம் மாதிரி இந்த வருஷம் ஆகக் கூடாது. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள், எத்தனை எழுதுகிறீர்கள், வீட்டு இலக்கும் வேலை இலக்கும் ஒரே தாளில் வருமா? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்வாசி
டிசம்பர் 26, இரவு 11.25

உங்கள் பட்டியலில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது மேடம். "இன்டர் முடிப்பது", "கடனை அடைப்பது" எல்லாம் கடைசியில் கிடைக்கும் பலன். "நடப்பது" மட்டும்தான் ஒரு நாளில் செய்யக்கூடிய செயல். பலனை எழுதி வைத்தால் காலையில் எழுந்ததும் என்ன செய்வது என்று அந்தத் தாள் சொல்லாது. நான் ஐடியில் 12 வருஷம் டீம் பார்த்தவன், ஆபீஸில் இதையே வருஷா வருஷம் பார்க்கிறேன், "தரத்தை உயர்த்துவேன்" என்று எழுதியவர் டிசம்பரில் என்ன காட்டுவது என்று திணறுவார், "ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இந்தச் சோதனையை ஓட்டுவேன்" என்று எழுதியவருக்கு அந்தத் திணறல் இருக்காது.

இன்னொன்று, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பித் தொடங்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை வைத்துப் பார்த்தார். ஒரு செயல் யோசிக்காமலேயே செய்யும் அளவுக்குப் படிய எடுத்த காலம் நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப் போனது பெரிய பாதிப்பு செய்யவில்லை என்பதும் அதில் வந்தது. நீங்கள் ஜனவரி 1-இல் தொடங்கிப் பிப்ரவரி 9 வரை நடந்தீர்கள் என்றால் அது 40 நாள். பாதி வழி தாண்டிய பிறகுதான் நிறுத்தியிருக்கிறீர்கள்! பிப்ரவரி 10 அன்று என்ன நடந்தது, அது ஞாபகம் இருக்கிறதா?

பேரேடு
டிசம்பர் 27, காலை 6.10

இருக்கிறது. டைரியைப் பார்த்தேன். 10, 11 இரண்டு நாளும் ஆபீஸில் இரவு ஒன்பது வரை. ஜிஎஸ்டியில் ஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கல் 11-ஆம் தேதி, அதற்கு முன்னால் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்டுவது, அப்புறம் 20-ஆம் தேதி 3பி (ஜிஎஸ்டியின் மாதச் சுருக்கக் கணக்கு). ஒவ்வொரு மாதமும் இதே மூன்று மலை. பிப்ரவரியில் தாண்டி வந்திருந்தாலும் மார்ச்சில் வருஷக் கணக்கு முடிப்பு இருக்கிறது, அதில் கண்டிப்பாக நின்றிருக்கும். இதைப் பற்றி இலக்கு எழுதும்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, என் வேலைக்குரிய தேதிகள் எனக்கு மனப்பாடம், ஆனாலும் தாளில் அவற்றுக்கு இடமே கொடுக்காமல் எழுதியிருக்கிறேன்.

இரவுப்பணி (திருநெல்வேலி)
டிசம்பர் 27, காலை 8.50

அக்கா, நைட் டூட்டி முடிந்து வந்து படிக்கிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸ், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். "தினமும்" என்ற வார்த்தையை என் இலக்குகளிலிருந்து எடுத்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கு எல்லாமே வாரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமே பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்றுதான் சொல்கிறது, காலை ஐந்து மணிக்கு என்று சொல்லவில்லை. 150-ஐ எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். நைட் வாரத்தில் நான் சாயங்காலம் நடப்பேன், டே ஷிப்ட் வாரத்தில் இரவு சாப்பிட்ட பிறகு.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறும் சர்க்கரை குறைவாக ஏறும். எங்கள் வார்டில் நோயாளிகளுக்கு நாங்கள் சொல்வதும் இதுதான். உங்கள் சர்க்கரை அளவு மூன்று மாத சராசரி என்பதால் ஒரு வாரம் செய்துவிட்டுப் பார்த்தால் மாறியிருக்காது, ஏப்ரலில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை பாருங்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படக் கூடாது. 5 மணிக்கு நீங்கள் ரேஸ் கோர்ஸில் நடந்தால் வீட்டில் டிபன் பாக்ஸ் கட்டுவது யார்?

பேரேடு
டிசம்பர் 27, மதியம் 1.30

கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்தான். எங்கள் வீடு இருக்கும் கணபதி பகுதியிலிருந்து வண்டி எடுத்து ரேஸ் கோர்ஸ் போக 20 நிமிடம், நடை, திரும்பி வர 20 நிமிடம், 6.15-க்கு வந்து குக்கர் வைத்து மூன்று டப்பா கட்டி, மகளுக்குத் தலை பின்னி 7.40 வேனுக்கு அனுப்ப வேண்டும். அந்த 40 நாளும் சமையலறையில் ஓடிக்கொண்டே இருந்தேன், அதில் மகளிடம் எரிந்து விழுந்ததுதான் அதிகம்.

டெல்டா உழவர் (மன்னார்குடி பக்கம்)
டிசம்பர் 27, மாலை 7.15

அம்மா, உங்கள் பதிவு பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஜனவரி என்றால் சம்பா அறுவடை வரும் மாதம். தை பிறக்கும்போது நெல் களத்துக்கு வந்துகொண்டிருக்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்போம். அந்த நேரத்தில் யாரும் புதுத் திட்டம் போட மாட்டார்கள், விதைத்ததை எடுக்கும் காலம் அது. எங்கள் வருஷம் தொடங்குவது பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும்போது. வழக்கமான தேதி ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2023-இல் ஜூன் 12, 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 ஆகிவிட்டது, 2025-இல் மறுபடி ஜூன் 12. நான்கு வருஷத்தில் தொடக்கம் எவ்வளவு முன்னே பின்னே ஆகியிருக்கிறது பாருங்கள்.

அதனால் நாங்கள் ஒரே திட்டம் வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவை (முதல் போக நெல்) போட்டு அப்புறம் தாளடி (அதே வயலில் இரண்டாம் போகம்). வராவிட்டால் குறுவையை விட்டுவிட்டு ஒரே போகமாகச் சம்பா. இரண்டும் மே மாதமே பேசி முடிவாகியிருக்கும், விதையும் அதற்குத் தகுந்த மாதிரி, குறுவைக்குக் குறுகிய வயது ரகம், சம்பாவுக்கு நீண்ட வயது ரகம். 2024-இல் எனக்குக் குறுவை போச்சு, ஆனால் வருஷம் போகவில்லை. உங்களுக்கும் மார்ச் முடிவுக் கணக்கு என்பது வயலில் பயிர் நிற்கும் காலம் மாதிரிதான், அப்போது உழ முடியாது. உங்கள் வருஷம் எப்போது தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

நகைக்கடன் பற்றி ஒரு வார்த்தை. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்து நான் ஏழு வருஷம் ஓட்டினேன், கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை. அறுவடைப் பணம் வந்த அன்றே ஒரு நகையை முழுசாக மீட்பது என்று வைத்துக்கொண்டேன். மொத்தத்தையும் பாதி பாதியாகக் குறைக்காமல், சின்ன நகையாக ஒன்று வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கையில் பார்த்தால் அடுத்ததை மீட்கத் தெம்பு வரும். எஸ்ஐபி நல்லதுதான், ஆனால் நகைக்கடன் வட்டி நிச்சயமாகப் போகிற பணம், எஸ்ஐபியில் வருவது நிச்சயம் இல்லாத பணம். முதலில் எது என்று நீங்களே கணக்குப் போடத் தெரிந்தவர்.

குரூப்நாலு (விழுப்புரம்)
டிசம்பர் 27, இரவு 9.05

ஐயா சொன்ன இரண்டு திட்டம் எனக்கும் தேவைப்படுகிறது. நான் இந்த ஜூலை 12-இல் குரூப் 4 (அரசு வேலைத் தேர்வு) எழுதினேன், கிடைக்கவில்லை. போன ஜனவரியில் என் இலக்கு "குரூப் 4 பாஸ்". அது என் கையில் இல்லை என்று எழுதும்போது தெரியவில்லை. எத்தனை இடம் அறிவிப்பார்கள், கட்ஆஃப் எங்கே நிற்கும், கேள்வித்தாள் எப்படி வரும், மூன்றும் என் கையில் இல்லை. என் கையில் இருப்பது 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, கணிதமும் திறனறிவும் 25, இவற்றுக்கு எவ்வளவு உட்கார்ந்தேன் என்பது மட்டும். இந்த வருஷத் தாளில் "பாஸ்" என்ற சொல்லே இல்லை. ஆறாவது முதல் பத்தாவது வரை தமிழ்ப் புத்தகம் இரண்டு முறை, கணக்கு தினம் 10, ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை ஒரு பழைய கேள்வித்தாள் ஓஎம்ஆர் தாளில். இவ்வளவுதான். இரண்டாவது திட்டம், அடுத்த டிசம்பருக்குள் வேலை வராவிட்டால் மாமாவின் செராக்ஸ் கடையில் முழு நேரம் சேர்ந்து மாலையில் படிப்பது. அதை வீட்டில் இப்போதே சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் அவரே மேஜைக்கு லைட் வாங்கி வந்தார்.

மதுரைக்காரி
டிசம்பர் 28, காலை 10.20

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலக்கு எழுதுவதையே நான் நிறுத்திவிட்டேன். 2023 ஜனவரியில் அழகாக மாத வாரியாகக் கட்டம் போட்டு எழுதினேன், மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி, பிசியோதெரபி, டயப்பர் மாற்றுவது, அம்மாவைத் தூங்க வைப்பது. ஆகஸ்டில் அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தாள் கிடைத்தது. ஒரு கட்டம்கூட டிக் ஆகவில்லை. அந்த நேரத்தில் அது என்னைக் குற்றவாளி மாதிரி உட்கார வைத்தது, அப்பா மறுபடி தன் கையால் டம்ளர் பிடித்த வாரம் அது. அந்த வாரத்திலும் நான் சந்தோஷப்படாமல் ஒரு காகிதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட காகிதம் எனக்கு வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி
டிசம்பர் 28, மதியம் 12.00

மதுரை அக்கா, நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தத் தாளை மார்ச்சிலேயே நீங்கள் மாற்றி எழுதியிருந்தால்? "அப்பா டம்ளர் பிடிக்க வேண்டும்" என்பதைவிடப் பெரிய இலக்கு அந்த வருஷம் வேறு என்ன இருந்தது. வருஷத் தொடக்கத்தில் எழுதியதை வருஷம் முழுக்க மாற்றக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆபீஸிலேயே நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம், வாடிக்கையாளர் போய்விட்டால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் அடுத்தது.

மதுரைக்காரி
டிசம்பர் 28, மதியம் 12.45

அடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை தம்பி. எல்லாரும் எழுதச் சொன்னார்கள், அடிக்கச் சொல்லவில்லை. சரி, அப்பா இப்போது நடக்கிறார், கோலோடு. இந்த வருஷம் பென்சிலில் எழுதிப் பார்க்கிறேன். ஒன்றே ஒன்று.

வாத்தியார் (ஓய்வு, ஈரோடு)
டிசம்பர் 28, மாலை 5.30

கோவை மகளுக்கு. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எட்டுப் பீரியடுக்குள் ஒன்பதாவது பாடத்தை நுழைக்க முடியாது, புதிதாக ஒரு பாடம் வர வேண்டுமானால் ஏதாவது ஒன்று குறைய வேண்டும். உங்கள் 11 இலக்கும் கூடுதல் பாடங்கள். எதைக் குறைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனவே இந்த முறை முதலில் விடப்போவதை எழுதுங்கள். அதை வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். காலை டப்பா யார் கட்டுவது என்பது உங்கள் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, நான்கு பேர் இருக்கும் வீட்டில் வேலைப் பங்கீடு சம்பந்தப்பட்ட விஷயம். மாப்பிள்ளையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், கேட்காததால் தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. நானும் என் மனைவி இறந்த பிறகுதான் சமையல் கற்றேன், முன்பே கற்றிருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

ஓஎம்ஆர்வாசி
டிசம்பர் 28, இரவு 9.40

வேலை இலக்கு பற்றி யாரும் பேசவில்லையே, அதையும் முடித்துவிடுகிறேன். சிஎம்ஏ தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனுக்குப் போக நினைத்தால் படிக்கும் மாதங்கள் ஜனவரியிலிருந்து மே வரை. அதில் மார்ச், ஏப்ரல் இரண்டும் உங்களுக்கு இல்லை. டிசம்பர் என்றால் மே முதல் நவம்பர் வரை ஏழு மாதம், அதில் செப்டம்பர் வரித் தணிக்கையில் போனாலும் ஆறு. இன்டரில் இரண்டு குரூப், குரூப்புக்கு நான்கு தாள். ஒரு குரூப்பை மட்டும் எடுங்கள். பாஸ் ஆக ஒவ்வொரு தாளிலும் 40 மார்க், நான்கும் சேர்த்துச் சராசரி 50 வேண்டும். முதல் குரூப்பில் வரி பற்றிய தாள் இருக்கிறது, நீங்கள் மாதா மாதம் கையால் செய்யும் வேலை, அது சராசரியைத் தூக்கும்.

அப்புறம், அந்த நாற்காலிக்குப் பட்டம் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம், அந்த வாரம் செய்ததை நாலு வரி ஒரு நோட்டில் எழுதுங்கள். "சப்ளையர் பில்லில் விட்டுப்போன உள்ளீட்டு வரியைக் கண்டுபிடித்தேன், இவ்வளவு ரூபாய்" என்று தொகையோடு. வருஷக் கடைசியில் சம்பள உயர்வுப் பேச்சில் நினைவிலிருந்து சொல்பவருக்கும் நோட்டை வைத்துச் சொல்பவருக்கும் வித்தியாசம் உண்டு, நான் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

பேரேடு
டிசம்பர் 30, இரவு 11.10

இரண்டு நாள் எழுதவில்லை, காரணம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். வாத்தியார் ஐயா சொன்னபடி விடப்போவதை முதலில் எழுதினேன். மாதம் ஒரு புத்தகம், இங்கிலீஷ் வகுப்பு, 5 மணி, ரேஸ் கோர்ஸ், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு கழுவுவது, எல்லாம் விட்டாச்சு. எஸ்ஐபியும் இப்போதைக்கு இல்லை. கோடு போட்டு அடிக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது, மதுரை அக்காவை நினைத்துக்கொண்டு அடித்தேன்.

மீதி மூன்று. ஒன்று, வாரத்துக்கு 150 நிமிடம் நடை. இரவு சாப்பிட்டதும் தெருவிலேயே 20 நிமிடம், மாமியாரும் வருகிறேன் என்கிறார், கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இருட்டில் தனியாகப் போகப் பயமாம், நான் கூட வந்தால் நல்லது என்றார். மீதிக்கு சனி, ஞாயிறு. ஆர்-1 போகும் வாரமும் 3பி போகும் வாரமும் பாதி நடந்தால் போதும் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிட்டேன், அப்போதுதான் 10-ஆம் தேதி நின்றுபோனது என்று மனசு உடையாது.

இரண்டு, முதல் குரூப், டிசம்பர் 2026. வழக்கமாக டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31 வரை பதிவு செய்யலாம், ஆனால் நான் மே முதல் வாரமே பணம் கட்டிவிடப் போகிறேன், கட்டினால்தான் எனக்குப் படிப்பு ஓடும். மார்ச் முடியும் வரை சிஎம்ஏ புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியாச்சு. டெல்டா ஐயா சொன்ன பயிர் நிற்கும் காலம். செப்டம்பரில் தணிக்கை நீண்டுவிட்டால் செலவுக் கணக்குத் தாளுக்கு மட்டும் தீபாவளி லீவில், நவம்பர் 8-ஐ ஒட்டி நாலு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அதுவும் போனால் 2027 ஜூன். இரண்டாவது திட்டத்தையும் எழுதிவிட்டேன்.

மூன்று, கடனில் இருக்கும் நகையில் மகள் பிறந்தபோது போட்ட வளையல் ஜோடியை மீட்பது. எஸ்ஐபிக்கு என்று நினைத்த 5,000 தனியாகப் போகும், கணக்குப்படி ஆகஸ்டில் கைக்கு வரும்.

கணவரிடம் டப்பா பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் வண்டி துடைக்கிற நேரத்துல கட்டலாம், ஆனா குழம்பு வைக்கத் தெரியாது" என்றார். ராத்திரியே குழம்பு வைத்துவிடுகிறேன், காலையில் சாதமும் பொரியலும் அவர் பொறுப்பு என்று முடிவானது. நாளை ஒத்திகை.

இரவுப்பணி
டிசம்பர் 31, காலை 7.30

அக்கா! ஒத்திகை என்ன ஆச்சு?

பேரேடு
டிசம்பர் 31, காலை 9.15

பீன்ஸ் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மகளுக்குப் பள்ளி லீவுதான் என்றாலும் டப்பாவில் போட்டுத்தான் தருவேன் என்று கணவர் கொடுத்தார், அவளும் சாப்பிட்டுவிட்டாள். நான் அந்த நேரத்தில் மார்கழிக் கோலத்துக்குக் கலர் போட்டேன், இந்த மாதத்தில் முதல் தடவை.

டெல்டா உழவர்
டிசம்பர் 31, மாலை 6.40

வளையல் வந்த அன்று இங்கே எழுதுங்கள் அம்மா. ஆகஸ்டில் நானும் எங்கள் பக்கம் என்ன போட்டிருக்கிறோம் என்று சொல்கிறேன், குறுவையா சம்பாவா என்று அப்போது தெரிந்திருக்கும்.